ஏலக்காய்க்கு இருக்கிற நியாயம் என் அக்கா மகனுக்கு இல்லையா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கும் எழுதற மூடு எல்லாம் இல்லை, வயித்தெரிச்சல்தான் எழுத வைக்குது. மொக்கை, நக்கல் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க மக்களே, கோவிச்சுக்காதீங்க.

விஷயம் இதுதான். என் அக்கா மகனுக்குப் பதிமூணு வயசு. சின்னமனூர்ப் பக்கம் ஒரு கிராமம். பயலுக்கு பேஸ்கட்பால் பைத்தியம். பைத்தியம் பிடிக்க வெச்சதே நான்தான். பெரியகுளத்துல மே மாசம் நடக்கற ஆல் இந்தியா பேஸ்கட்பால் போட்டி தெரியும்ல? சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தறது, பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை. அரை நூற்றாண்டுக்கு மேல நடக்குது. பேங்க் டீம், ராணுவ டீம் எல்லாம் வந்து ஆடும். தேனி மாவட்டத்துக்கு வெளியே இருக்கறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், பெரியகுளத்துக்காரங்களுக்கு இது இன்னொரு திருவிழா. இவனை ஆறு வயசுல தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு அங்க நின்னேன். அன்னிக்குப் பிடிச்சதுதான்.

போன மே மாசம் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். எந்த விடுதி, எந்த மைதானம்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அங்க நடந்தது பல இடத்துலயும் நடக்கறதுதான். காலையில வரிசை. செவுத்துல டேப் ஒட்டி உயரம் அளந்தாங்க. ஒரு ஓட்டம். நின்ன எடத்துலருந்து ஒரு ஜம்ப். ஒரு பந்தைக் கொடுத்து ரெண்டு லே-அப். எல்லாம் சேர்த்து அஞ்சு நிமிஷம் இருக்கும். பேப்பர்ல மார்க் போட்டுட்டே அந்த அண்ணன் நிமிர்ந்து பாக்காமச் சொன்னார்:

"ஹைட் பத்தாதுப்பா. அடுத்து..."

அவ்வளவுதான். பய ஒண்ணும் பேசலை. பஸ்ல வீரபாண்டி தாண்டறப்போ மட்டும், "மாமா, நான் வளரவே மாட்டேனா?"ன்னு கேட்டான். எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

வீட்டுக்கு வந்தா மச்சான் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். "அதான் பாத்துட்டாங்கள்ல. அவங்களுக்குத் தெரியாததா? இனி பந்தைத் தூக்கிப் பரண்ல போடு, படிப்பைப் பாரு." மச்சான் கெட்டவர் இல்லை. அரை ஏக்கர் பன்னீர் திராட்சையை வெச்சுக்கிட்டு, மழைக்கும் வியாபாரிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கற மனுஷன். அவருக்கு "பாத்துட்டாங்க"ன்னா கோர்ட் தீர்ப்பு மாதிரி. அன்னிலருந்து பய கோர்ட்டுப் பக்கம் போறதில்லை (இது பேஸ்கட்பால் கோர்ட்).

எனக்குக் கோவம் மார்க் போட்ட அந்த அண்ணன் மேல இல்லை. "அவங்களுக்குத் தெரியாததா?"ங்கற அந்த ஒரு வரி மேலதான். ஏன்னா நிஜமாவே அவங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. பதிமூணு வயசுப் பையன் இருபத்தஞ்சு வயசுல என்ன ஆவான்னு சொல்ற அளவுகோல் இன்னும் இந்த உலகத்துல செய்யலை.

முதல்ல எதிர்க்கட்சி வாதம்

எனக்குத் தெரிஞ்ச உடற்கல்வி ஆசிரியர் ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். மனுஷன் சிரிச்சுட்டார்.

"தம்பி, இருக்கறது இருபது எடம்னு வை. வந்து நிக்கறது முன்னூறு பேரு. ஒரே நாளு. நீ அங்க உக்காந்திருந்தா என்ன செய்வ? ஜாதகம் பாப்பியா? உசரமா இருக்கறவன், வேகமா ஓடறவன், இவங்களைத்தானே எடுப்ப? அது தப்புன்னா எது சரின்னு சொல்லு."

நியாயமான கேள்வி. உயரத்தைப் பாக்காம பேஸ்கட்பாலுக்கு ஆள் எடுன்னு நான் சொல்லலை. மார்க் போடறதே மோசடின்னும் சொல்லலை. இந்த மார்க்குக்கு ஒரு அர்த்தம் இருக்கு. ஆனா நாம நினைக்கற அர்த்தம் அது இல்லை. இதுக்கு அமெரிக்கா வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரணும். ஏன் அமெரிக்கான்னா, சின்னப் பசங்களுக்கு மார்க் போடறதை ஒரு தொழிலாவே நடத்தற ஊர் அது.

அங்க காலேஜ் ஃபுட்பால்னு ஒண்ணு (நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடறது). பள்ளிக்கூடம் முடிக்கப் போற பசங்களை எந்தக் காலேஜ் இழுத்துட்டுப் போகும்ங்கறது பெரிய வியாபாரம். ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் மாதிரி கம்பெனிகள் ஒவ்வொரு பையனுக்கும் ஹோட்டலுக்குப் போடற மாதிரி ஸ்டார் போடும். அஞ்சு ஸ்டார் வாங்கறவன் வருஷத்துக்கு முப்பது பேர் சொச்சம். மூணு ஸ்டார்க்காரன் ஆயிரத்துக்கும் மேல.

இந்த ஸ்டார் பலிக்குதா? பலிக்குது. அஞ்சு ஸ்டார் பசங்கள்ல பாதிப் பேர் அளவுக்குப் பின்னாடி என்.எஃப்.எல். தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கற லிஸ்ட்ல வந்துடறாங்க. மூணு ஸ்டார்ல பத்து சதவீதம்கூட வராது. ஆக, ஸ்டார் பொய்யில்லை. "ரேட்டிங் எல்லாம் டுபாக்கூர்"னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் பாக்கலைன்னு அர்த்தம்.

இப்போ அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. முப்பதுல பாதின்னா பதினஞ்சு பேர். ஆயிரத்து ஐநூறுல வெறும் ஆறு சதவீதம்னு வெச்சாலும் தொண்ணூறு பேர். அப்போ மேல போய் ஆடறவங்கள்ல கூட்டம் எங்கருந்து வந்திருக்கு? "தேற மாட்டான்"னு ஓரங்கட்டின பக்கத்துலருந்துதான். மார்க் ஒரு கும்பலைப் பத்திச் சரியாச் சொல்லுது. ஒத்தைப் பையனைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. என் அக்கா மகன் கும்பல் இல்லை. அவன் ஒரு ஆள்.

ஓரங்கட்டப்பட்ட விவசாயி மகன்

அதே அமெரிக்காவுல ஜாஷ் ஆலன்னு ஒருத்தர். கலிஃபோர்னியாவுல ஃபயர்பாங்கற சின்ன ஊர், விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் முடிக்கறப்போ ஒல்லிப் பையன். ஒரு பெரிய காலேஜும் சீண்டலை. ரீட்லிங்கற ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜ்ல சேர்ந்து ஆடினார், அங்க வளர்ந்தார், அங்கருந்து வயோமிங் பல்கலைக்கழகம். 2018-ல் என்.எஃப்.எல். தேர்வுல ஏழாவது ஆளா எடுத்தாங்க. 2024 சீசன்ல அந்த லீக்கோட மிகச் சிறந்த வீரர் பட்டம் அவருக்குத்தான். அவருக்கு முன்னாடி ஆரன் ராட்ஜர்ஸ், அவரும் இப்படி ஜூனியர் காலேஜ் வழியா வந்தவர்தான். அதே பட்டத்தை நாலு தடவை வாங்கினார்.

இதுல கவனிக்க வேண்டியது அவங்க திறமையை இல்லை (திறமை இருக்குன்னுதான் தெரியுமே). கவனிக்க வேண்டியது அந்த ஜூனியர் காலேஜை. பதினெட்டு வயசுல ஒரு கதவு சாத்தினா, பக்கத்துல இன்னொரு கதவு திறந்திருந்தது. மார்க் தப்பாப் போனாலும் அதைத் திருத்திக்க ஒரு இடம் இருந்தது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில வர்றேன்.

நம்மூர் கிரிக்கெட்டுக்கு வருவோம்

2008 ஜூனியர் உலகக் கோப்பை. கோலாலம்பூர்ல இந்தியா ஜெயிச்சது. கேப்டன் விராட் கோலி. டீம்ல ஜடேஜா, மணீஷ் பாண்டே. "பாத்தியா, அப்பவே தெரிஞ்சுது"ன்னு சொல்லலாம்.

2012-ல் அதே கோப்பையை மறுபடியும் ஜெயிச்சோம். ஆஸ்திரேலியாவுல, ஆஸ்திரேலியாவையே இறுதிப் போட்டியில அடிச்சு. கேப்டன் உன்முக்த் சந்த், ஆட்டமிழக்காம 111. அடுத்த கோலின்னு எல்லாரும் கொண்டாடினாங்க, நானும்தான். அந்த ஆட்டத்துல ஆடின பதினோரு பேர்ல பின்னாடி இந்திய சீனியர் அணிக்கு ஆடினது ஹனுமா விஹாரியும் சந்தீப் சர்மாவும் மட்டும்தான். நம்ம பாபா அபராஜித்தும் அந்த டீம்தான், அவருக்கும் வாய்ப்பு வரலை. சந்த் 2021-ல் இந்திய கிரிக்கெட்டை விட்டே விலகி அமெரிக்கா போயிட்டார்.

ரெண்டு டீமுக்கும் ஒரே கோப்பை, ஒரே வயசு, ஒரே முத்திரை. ஒண்ணு பலிச்சது, ஒண்ணு பலிக்கலை. பலிச்சதை மட்டும் நாம ஞாபகம் வெச்சுக்கறோம். கிளி ஜோசியத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலை.

இது ரெண்டு டீம் கதை மட்டும் இல்லை. 2023-ல் ஆர்னே குல்லிச்சும் சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. பல விளையாட்டு, பல நாட்டு விவரங்களைத் திரட்டிப் பார்த்தாங்க. 17, 18 வயசுல சர்வதேச அளவுல இருந்தவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பெரியவங்களானப்போ அந்த அளவுக்கு வரலை. பெரியவங்களா சர்வதேச அளவுல நிக்கறவங்கள்ல பத்துக்கு எட்டு பேர் 17, 18 வயசுல அந்த அளவுல இல்லவே இல்லை. பதினேழு வயசுக்கே இந்த லட்சணம். பதிமூணு வயசைப் பத்தி நான் என்ன சொல்ல?

நடராஜன் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிச்சுட்டு ஒரு குரூப் கிளம்பும்னு தெரியும். "அதான் பாஸ், நடராஜனைப் பாருங்க. செலக்‌ஷன் எல்லாம் சும்மா. திறமை இருந்தா எவனும் தடுக்க முடியாது!"

மன்னிக்கணும், உங்க கூடவும் எனக்குச் சண்டை இருக்கு.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பால்ல எறிஞ்சுட்டு இருந்தவர், இருபது வயசு வாக்குலதான் சென்னை லீக் பக்கமே வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்துல 10 லட்சம் அடிப்படை விலையிலருந்து 3 கோடிக்குப் போனார். 2020-21 ஆஸ்திரேலியா பயணத்துல நெட் பவுலராப் போய், டி20, ஒருநாள், டெஸ்ட் மூணுலயும் அறிமுகமாயிட்டு வந்தார். ஒரே பயணத்துல அப்படிச் செஞ்ச முதல் இந்தியர். எல்லாம் சரி. ஆனா அவரு எப்படி வெளியே தெரிஞ்சார்? சென்னைக்குக் கூட்டிட்டு வந்து லீக்ல ஆட விட்டாங்க. 2016-ல் டி.என்.பி.எல்.னு ஒரு மேடை வந்தது. அது ரெண்டாவது கதவு.

வருண் சக்கரவர்த்தியும் அப்படித்தான். ஆர்க்கிடெக்ட் வேலை பாத்தவர். 2018-ல் மதுரை பாந்தர்ஸுக்கு டி.என்.பி.எல். ஆடி, அந்த வருஷக் கடைசியில நடந்த ஏலத்துல 20 லட்சத்துலருந்து 8.4 கோடிக்குப் போனார். அதுக்கப்புறம் நடந்ததுதான் தமாஷ். அந்த சீசன்ல ஒரே ஒரு மேட்ச். முதல் ஓவர்லயே 25 ரன். அடுத்த ஏலத்துல விலை 4 கோடி, பாதிக்கும் கீழ. "அவ்ளோதான், ஊதிட்டாங்கப்பா"ன்னு பேசினவங்களை எனக்கே தெரியும். அவரு 33 வயசுல, 2025-ல், ஒருநாள் அணிக்கு வந்து சாம்பியன்ஸ் கோப்பையில நியூசிலாந்துக்கு எதிரா அஞ்சு விக்கெட் எடுத்தார். வளர்ந்த ஆம்பளைக்கு, கோடிக்கணக்குல காசு போட்டு, வீடியோ பாத்து, நிபுணர்கள் உக்காந்து போட்ட ரேட்டிங்கே மேலயும் தப்பு, கீழயும் தப்பு. நம்ம பயலுக்கு டேப்பை வெச்சு அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு!

"திறமை இருந்தா தடுக்க முடியாது"ங்கறது தப்பிச்சவனை மட்டும் எண்ணற கணக்கு. கிணத்துல விழுந்தவங்கள்ல நீந்தி வந்த ஒருத்தனைக் காட்டி, கிணத்துக்குச் சுவரே வேண்டாம்னு சொல்றீங்க. வராமப் போன நடராஜன் எத்தனை பேருன்னு யாரு எண்ணினா? அவங்களுக்குத்தான் பேரே இல்லையே.

மார்க் தன்னைத்தானே நிரூபிச்சுக்கற வித்தை

இதைவிடப் பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு. தேர்வான பையனுக்கு விடுதி. முட்டை, பால், கறி. ஷூ. காலையும் சாயங்காலமும் கோச். வெளியூர்ப் போட்டி. தேர்வாகாதவனுக்கு? தெருவுல இருக்கற ஒத்தை வளையம், அதுலயும் வலை கிடையாது. அஞ்சு வருஷம் கழிச்சு முதல் பையன் நல்லா ஆடினா, "பாத்தியா, அன்னிக்கே சொன்னோம்ல"ங்கறாங்க. ரெண்டு கொடி நட்டு ஒண்ணுக்கு மட்டும் தண்ணியும் உரமும் விட்டுட்டு, "இந்தக் கொடி நல்ல ஜாதிடா"ன்னு சொல்றதுக்குக் கம்பம் பள்ளத்தாக்குல எந்த சம்சாரியாவது ஒத்துக்குவானா? மார்க் எதிர்காலத்தைச் சொல்லலை மக்களே, எதிர்காலத்தைச் செஞ்சுடுது.

இது மைதானத்தோட முடியற விஷயமும் இல்லை. பொறியியல் சேர்க்கையில விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கு. அதுக்கெல்லாம் சர்டிபிகேட் வேணும். சர்டிபிகேட்டுக்கு மாநில, தேசியப் போட்டி ஆடணும். அதுக்கு நல்ல டீம்ல இருக்கணும். நல்ல டீம் பெரும்பாலும் விடுதியில இருக்கு. ஆக, பதிமூணு வயசுல டேப் காட்டின ரெண்டு இஞ்சு, இருபத்திரெண்டு வயசுல காலேஜ் சீட்டாவும் வேலையாவும் வந்து நிக்குது. அரை ஏக்கர் திராட்சைக்காரன் வீட்டுல அது சின்ன விஷயமா?

டிசம்பர்ல பொறந்தது குத்தமா?

அந்த ரெண்டு இஞ்சுக்கு வருவோம். என் அக்கா மகன் பொறந்தது டிசம்பர் கடைசி. வயசுப் பிரிவை ஜனவரி 1-ஐ வெச்சுப் பிரிச்சா, அதே பிரிவுல அந்த வருஷம் ஜனவரியில பொறந்தவனும் நிப்பான். கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். நமக்கு ஒரு வருஷம் ஒண்ணுமில்லை. பதிமூணு வயசுல ஒரு வருஷம்னா மீசைக்கும் மீசை இல்லாததுக்கும் உள்ள தூரம். கனடாவுல ஐஸ் ஹாக்கி ஆடற பசங்களை ஆராய்ஞ்சு ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லயே இதைச் சொல்லிட்டார். பெரிய ஜூனியர் டீம்கள்ல வருஷத்தோட முதல் மூணு மாசத்துல பொறந்தவங்க, கடைசி மூணு மாசத்துல பொறந்தவங்களை விடப் பல மடங்கு. கடவுள் ஜனவரியில மட்டும் திறமையைப் பங்கு வெக்கலை. மார்க் போடறவன் வளர்ச்சியைத் திறமைன்னு நினைச்சுட்டான், அவ்வளவுதான்.

என்னையே எடுத்துக்கோங்க. எட்டாவது படிக்கறப்போ பிரேயர் வரிசையில முதல் ஆள் நான்தான், அவ்ளோ குள்ளம். பதினஞ்சுக்கும் பதினேழுக்கும் நடுவுல கிடுகிடுன்னு வளர்ந்து இப்போ ஆறடிக்கு ஒரு இஞ்சு கம்மி. (உயரம் வந்துச்சு, ஆட்டம் வரலை. அது வேற கதை.) அக்காவும் நல்ல உயரம். தாயும் தாய்மாமனும் இப்படி இருக்க, பய எப்படிக் குள்ளமா நிப்பான்? அப்பா அம்மா உயரம், பையனோட இப்போதைய உயரம், எடை, வயசு இதையெல்லாம் வெச்சு வளர்ந்தப்புறம் எவ்ளோ இருப்பான்னு ஓரளவு கணிக்கற கமிஸ்-ரோச் முறை 1994-லருந்தே இருக்கு. இங்கிலாந்துல கால்பந்து அகாடமிகள் வயசுக்குப் பதிலா உடல் வளர்ச்சியை வெச்சுக் குழு பிரிச்சு ஆட விட்டுப் பாக்கறாங்க. நம்மகிட்ட டேப் இருக்கு. "உங்க அம்மா எவ்ளோ உயரம் தம்பி?"ங்கற ஒரு கேள்விக்கு என்ன செலவு?

சரி, உயரமே இருந்தா மட்டும்? பஞ்சாப்ல பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், ஏழடி ரெண்டு இஞ்சு. 2015-ல் டல்லாஸ் அணி எடுத்தது, என்.பி.ஏ. தேர்வுல வந்த முதல் இந்தியர். என்.பி.ஏ.ல ஒரு ஆட்டம்கூட ஆடலை. பின்னாடி மல்யுத்தத்துக்குப் போயிட்டார். அதுக்கு முந்தின வருஷம், 2014-ல், நாப்பத்தோராவது ஆளா எடுத்தாங்க நிகோலா யோகிச்சை. டி.வி.ல அவரு பேரு வர்ற நேரத்துல விளம்பரம் ஓடிட்டு இருந்தது. அவரு 2021, 2022, 2024 மூணு தடவை லீக்கோட சிறந்த வீரர்.

முதல் மார்க் வாங்கினவன் கதை

தேறாதவனுக்காக மட்டும் நான் பேசலை. என் கூடப் படிச்சவன் ஒருத்தன். பேரு வேண்டாம். பதிமூணு வயசுலயே மீசை. எங்க பக்கத்துல நூறு மீட்டர், நீளம் தாண்டுதல் எல்லாத்துலயும் அவன்தான். ஒரு விடுதியில எடுத்துக்கிட்டாங்க. ஊரே மாலை போட்டது. பதினாறு வயசுல மத்தவங்க வளர்ந்து எட்டிப் பிடிச்சுட்டாங்க. இவன் மட்டும் அதே உயரம், அதே நேரம். முழங்கால்ல அடி வேற. பதினெட்டுல பெட்டியோட திரும்பி வந்தான். படிப்பும் விட்டுப் போச்சு. இப்போ கம்பம் மெட்டு வழியாக் கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓட்டறான். உழைச்சுத்தான் சாப்பிடறான், கேவலம் இல்லை. ஆனா, "மாப்ள, எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு பயலும் கேக்கலைடா"ன்னு ஒரு தடவை சொன்னான்.

அதான். நீங்க போட்ட மார்க் பலிச்சுதா இல்லையான்னு நீங்களே திரும்பிப் பாக்கறதில்லை. எடுத்தவன் என்ன ஆனான், விட்டவன் என்ன ஆனான், ஒரு நோட்டுல எழுதி வெச்சாத்தானே தெரியும்? பலிக்குதான்னு பாக்காத ஜோசியத்துக்கு ஏன்யா இவ்ளோ மரியாதை?

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

அந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்றேன். நான் போடியில ஏலக்காய் கடையில கணக்கு எழுதறவன். எனக்குத் தெரிஞ்ச தராசு இதுதான்.

ஒரே ஏலச் செடியில எல்லாக் காயும் ஒரே நாள்ல விளையாது. இன்னிக்கு விளைஞ்சதைப் பறிப்பாங்க. பிஞ்சை அப்படியே விட்டுட்டு, ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி வருவாங்க. அப்புறம் இன்னொரு ரவுண்டு. பறிச்சதைக் காய வெச்சு, சல்லடையில சலிச்சு, 8 எம்.எம்., 7 எம்.எம்.னு பிரிச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்பைசஸ் போர்டு ஏலத்துல விலை. பிஞ்சைப் பாத்து "இது எட்டு தேறாது"ன்னு செடியை வெட்டற கிறுக்கன் இந்த மலையில ஒருத்தனும் இல்லை. அதனால:

1. ரவுண்டு வேணும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகள்ல 7, 8, 9, 11 வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்குது. நல்லது, பல வகுப்புல கதவு இருக்கு. ஏழாவதுல தோத்தவன் ஒன்பதாவதுல மறுபடி வரலாம்னு அவன் அப்பன்கிட்ட யாராவது சொல்லணும். "முடியாது"ன்னு சொல்றதுக்குப் பதிலா, "அடுத்த வருஷமும் வா தம்பி"ன்னு சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

2. மார்க் ஷீட்ல பொறந்த மாசமும் அப்பா அம்மா உயரமும் இருக்கணும்.

3. ஒரு நாள் அஞ்சு நிமிஷம் பத்தாது. மொதல்ல கழிச்சுட்டு மிச்சம் இருக்கறவங்களை ரெண்டு நாள் ஆட விட்டுப் பாருங்க. சொன்னதை மறுநாள் கத்துக்கிட்டு வர்றானான்னு பாருங்க. டேப்புக்கு அது தெரியாது.

4. விடியறதுக்குள்ள ஜீப் ஏறி எஸ்டேட்டுக்குப் போற அப்பா அம்மாவோட பிள்ளையை மைதானத்துக்கு யாரு கூட்டிட்டு வருவா? வராதவனுக்கு நீங்க போடற மார்க் என்ன? அதுவும் நம்ம பக்கம் சித்திரைக் கடைசி, வீரபாண்டித் திருவிழா நேரம். மைதானம் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகணும்.

5. விடுதிக்கு வெளியே இருக்கறவனுக்கும் ஆட ஒரு மேடை வேணும். 2023-லருந்து முதலமைச்சர் கோப்பை பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவுன்னு பெரிய அளவுல நடக்குது. அது மாதிரிக் கதவுதான் நம்ம ஜூனியர் காலேஜ். அதுல நல்லா ஆடறவனைப் பாக்க ஒரு ஆள் நோட்டோட வந்து உக்காரணும்.

6. எடுத்தவன், விட்டவன் ரெண்டு பேரையும் அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்து எழுதி வெளியிடணும். திரும்பி வந்தவனுக்குப் படிப்பைத் தொடர வழி சொல்லணும்.

இதுல ஒண்ணுக்கும் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். 2024 மார்ச்ல மத்திய அரசு கீர்த்தின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது, 9 வயசுலருந்து 18 வரைக்கும் நாடு முழுக்கத் திறமை தேடறதுக்கு, கம்ப்யூட்டர் மதிப்பீட்டோட. நல்லா நடக்கட்டும். ஆனா மெஷின் மார்க் போட்டாலும் மார்க்கு மார்க்குதான். தப்பாப் போனா திருத்த இன்னொரு நாள் இருக்கான்னுதான் நான் கேக்கறது.

போன ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போய் இவ்ளோவையும் அவர்கிட்ட பேசிப் பாத்தேன். ஜாஷ் ஆலன், யோகிச் எல்லாம் அவர் காதுல ஏறலை. கடைசியா ஏலக்காய்க் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ரெண்டாவது ரவுண்டுன்னா எந்த மாசம்?"னு மட்டும் கேட்டார். பந்து இன்னும் பரண்லதான் இருக்கு. ஆனா ஏணி எங்க இருக்குன்னு பயலுக்குத் தெரியும்.

டிஸ்கி 1: இதே பயல் வளர்ந்து ஒரு டீம்லயும் வராமப் போகலாம். அப்படி ஆனாலும் இந்தப் பதிவு தப்பாகாது. அவன் ஜெயிப்பான்னு நான் சொல்லலை. இப்பவே தோத்துட்டான்னு நீங்க சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.

டிஸ்கி 2: மே மாசம் பெரியகுளம் மேட்ச்சுக்கு வர்றவங்க சொல்லுங்க, டீ சாப்பிடலாம். கூட ஒரு குள்ளப் பய வருவான். உயரத்தை மட்டும் கேக்காதீங்க :-)